ஜெயரூபியின் மூக்கும் உலகத்துப் படலைகளும்

வற்றாப்பளை ஜெயரூபிக்கு வாய்த்தது சாதாரண மூக்கல்ல. கச்சான் காற்று எழும்பினால், பளையில் எவருடைய குசினியில் பால் திரைந்தது என்று இங்கிருந்தே சொல்லிவிடுவாள். முல்லைத்தீவு பஸ்ஸில் மீன்பெட்டி ஏறினால் இவள் இறங்கிவிடுவாள். இதனாலேயே அரை மணித்தியாலப் பயணத்துக்கு அரைநாள் எடுத்தவள். தாலி கட்ட வந்த பாலனின் விரல்களை ஐயருக்கு முன்னாலேயே டெற்றோல் துணியால் துடைத்துவிட்டுத்தான் கழுத்தை நீட்டினாள் என்று ஊரில் கதை. ஐயரின் விரல்களையும் துடைத்தாள் என்பார்கள். அதை அவள் மறுத்ததில்லை.

இப்படிப்பட்டவளின் தலையிலேதான் உலகத்துக் குப்பையெல்லாம் கூட்டி அள்ளும் வேலை வந்து விழுந்தது.

கோயில் வீதியில் ஜெயரூபிக்கு ஒரு கொமினிகேசன் கடை. போட்டோக்கொப்பி, லமினேற்றிங், ரீலோட் என்று பிழைப்பு போய்க்கொண்டிருந்தது. பாலனின் தமக்கை மகன் அனோஜன் வவுனியாவில் கணினி படித்துவிட்டு வந்து, கடை மூலையில், ஊர்ச்சனம் படமும் கதையும் போட ஒரு இணையத்தளத்தை ஓட்டும் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். அதற்குப் 'படலை' என்று, வேலிக் கதவின் பெயரையும் வைத்தான்.

"மாமி, பெரிய கம்பனியின்ர தளம் எண்டால் முழு உலகத்துக்கும் ஒரே வளவு. அவன் வைச்சதுதான் சட்டம். இது அப்பிடியில்லை. ஊருக்கு ஊர் ஒரு சின்ன முற்றம், முற்றத்துக்கு ஒரு படலை. திறந்துவிட்டால் எங்கட கதை அங்க போகும், அங்கத்தைக் கதை இஞ்ச வரும். முதலாளி எண்டு ஒருத்தரும் இல்லை."

"அப்ப முற்றத்தை ஆரடா கூட்டுறது?"

அனோஜன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு என்ன பொருள் என்பது, அவன் கட்டாருக்குப் பறந்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

அவள் சம்மதித்ததெல்லாம் தங்கை சுதாஜினிக்காகத்தான். ஒஸ்லோவில் இருக்கும் சுதாஜினியின் முகத்தை எவனோ ஒரு அழுகல்பிறவி பெரிய கம்பனியின் தளத்திலிருந்து வெட்டியெடுத்து, வேறொரு உடம்பில் ஒட்டி, ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான். முறைப்பாடு கொடுத்தால் பதில் எழுத ஒரு மனிதப்பிறவி அங்கே இல்லை. அன்றோடு அந்தக் கம்பனிகளின் சாமான் ஒன்றையும் தன் போனில் வைப்பதில்லை என்று சத்தியம் செய்தவள், ஒஸ்லோவில் ஒரு நோர்வேக்காரர் நடத்தும் சின்ன முற்றத்தில் போய்ச் சேர்ந்தாள். அந்த முற்றத்துக்கும் வற்றாப்பளைக்கும் நடுவே படலை திறந்திருந்தது. அக்காவும் தங்கையும் காலைத் தேத்தண்ணியையும் அங்கத்தைய பனியையும் படம்பிடித்து மாறி மாறிப் போட்டுக்கொண்டார்கள். நல்லாய்த்தான் இருந்தது.

பிறகு பெரிய கம்பனியோடு கோபித்துக்கொண்டு ஊர் முழுவதும் படலைக்குள் புகுந்தது. பெட்டி கொதித்தது, அதன்மேல் மிளகாய் காயவைக்கலாம் போல. கொதித்தால் பரவாயில்லை, உள்ளே விழுந்தவற்றைச் சொன்னால் உங்களுக்குச் சோறு இறங்காது. சீழ்பிடித்த கால்விரலைக் கிட்டப் பிடித்துப் போட்டு "இதுக்கு என்ன மருந்து?" என்று கேட்டார் ஒருவர். செத்த எலியை அயலவனின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்து "எது வடிவு?" என்று கேட்டார் இன்னொருவர். இதெல்லாம் ஊர்ச் சொத்து. திறந்த படலையால் எந்தெந்தத் தேசத்திலிருந்தோ வந்தவற்றை எழுத்தில் வைக்கேலாது. ஒரு தேசத்தான் தன் அம்மண உடம்பைப் பகுதி பகுதியாகப் படம்பிடித்து அனுப்பினான். அள்ளி எறிய எறிய வந்தது. ஜெயரூபி கையுறை போட்டுக்கொண்டு கணினிக்கு முன்னால் இருந்தாள். கண்ணால் பார்த்த அசிங்கமும் அவளுக்கு மணத்தது. அந்த மனிதனைப் பற்றி அவனுடைய முற்றத்துக்காரருக்கு எழுதினாள். அது அவனுடைய சுதந்திரம், விருப்பமில்லாவிட்டால் கண்ணை மூடுங்கள் என்று பதில் வந்தது.

"உலகம் திறந்திருக்கு எண்டு பாத்தால், உலகத்தின்ர கக்கூஸ் கதவெல்லோ திறந்திருக்கு," என்றாள் பாலனிடம்.

"படலையைச் சாத்தன்."

"சாத்தினால் சுதாவை எப்பிடிப் பாக்கிறது?"

அந்த வருசம் சுதாஜினிக்குப் பெரிய சத்திரசிகிச்சை. அவள் பிழைத்து எழும்பினால் வைகாசிப் பொங்கலுக்கு அம்மனுக்கு, முதுகில் கொக்கி ஏற்றித் தொங்கிவரும் தூக்குக்காவடி எடுப்பதாகத் தம்பி கோகுலன் நேர்ந்துகொண்டான். அவள் எழும்பிவிட்டாள். ஆனால் விமானம் ஏற வைத்தியர் விடவில்லை.

"எனக்காக அவன் தொங்கேக்க நான் பாக்காட்டி, எனக்கு அது நிறைவேறின மாதிரி இராது, அக்கா. எப்பிடியும் காட்டிப்போடு."

ஜெயரூபி ஓம் என்றாள். காவடி வரும்போதெல்லாம் போட்டோக்கொப்பி மெசினுக்குப் பின்னால் ஒளிக்கிறவள், ஊசியைக் கண்டால் விழுகிறவள், ஓம் என்றுவிட்டாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு போனைத் தூக்கிப் பிடித்தால் போயிற்று என்று நினைத்தாள்.

பொங்கலன்று விடியவே காவடிகள் வரத் தொடங்கின. படலை நிறையப் படங்கள். படம் போட்டதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. இந்த ஊரில் பொங்கிய பொங்கலை ஒரு வீட்டுக்குக் கொடுத்து அடுத்த வீட்டை விட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சில்லை. அதே நியாயத்தைச் சனம் படலைக்குள்ளும் கொண்டுபோனது. அடுத்த வளவு நாகேஸ்வரி வேலியடியில் நின்று போனைக் குத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன நாகேஸ் செய்யிறாய்?"

"எல்லாற்ர காவடியையும் பகிருறன். ராஜினி வீட்டுக் காவடியைப் பகிர்ந்துபோட்டு மற்ற வீட்டை விட்டால் நாளைக்கு ஒரு முகத்தில முழிக்கேலுமோ?"

ஊரே இப்படிக் குத்தியது. ஒரு காவடி நூறு காவடியானது. திறந்திருந்த படலைகளாலெல்லாம் பாய்ந்து, கொக்கி ஏறிய முதுகுகள் உலக முற்றங்களில் மாரி மழையாய்க் கொட்டின. மத்தியானத்துக்கு முன்பே படலைகள் ஒவ்வொன்றாய்ச் சாத்தப்பட்டன. ஒஸ்லோக்காரர் ஒரு கடிதமும் அனுப்பினார்: உங்கள் தளத்தில் மனிதர்களைக் கொக்கியில் தூக்கி வதைக்கிறார்கள், தொடர்பைத் துண்டித்துவிட்டோம், எல்லாவற்றையும் நீக்கி, இனி இந்த வன்முறையை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தால் யோசிக்கலாம்.

ஜெயரூபிக்கு வாய் கசந்தது. அம்மணமாய் நின்றவனுக்குச் சுதந்திரம், நேர்த்திக்குப் பூட்டு!

என்றாலும் கோகுலனின் காவடி பின்னேரம்தான். அதற்குள் சமாளிக்கலாம் என்று கடை வாசலில் நின்றவர்களிடம் கெஞ்சினாள்: "படத்துக்கு மேல ஒரு திரை போடுங்கோ. விரும்பினவை தொட்டுப் பாக்கட்டும். அப்பிடிச் செய்தால் அவையள் திறப்பினம்."

நாகேஸ்வரி இடுப்பில் கை வைத்தாள். "அம்மன்ர காவடிக்குச் சீலை போட்டு மூடுறதோ? ஊத்தைப் படத்துக்குப் போடுற சீலையையோ? உன்ர வாய் அழுகாதே?"

"என்ர வாய் அழுகினால் முதல்ல எனக்குத்தான் மணக்கும்!"

அவ்வளவுதான். சோறு ஆறுவதற்குள் ஒரு கூட்டம் பிரிந்துபோய் 'அம்மன் வாசல்' என்று புது முற்றம் தொடங்கியது. அதிலிருந்து இன்னொரு கூட்டம் பிரிந்து 'அசல் அம்மன் வாசல்' தொடங்கியது. மூன்றும் ஒன்றுக்கொன்று படலையைப் பூட்டிக்கொண்டன. கோயில் வாசலில் தோளோடு தோள் உரசி நின்ற சனம், போனுக்குள் ஒருவரையொருவர் காணாமல் நின்றது.

"உலகத்துக்குத் திறக்க வெளிக்கிட்டு, இப்ப நாகேஸ்வரிக்கும் உனக்கும் நடுவிலயே பூட்டு," என்று பாலன் சிரித்தான்.

"பல்லைக் காட்டாதேங்கோ, வெத்திலை மணக்குது."

மன்னிப்புக் கேட்பது ஒன்றுதான் மிச்சம். ஜெயரூபி கணினிக்கு முன்னால் இருந்து, 'இந்த வன்முறைக்கு வருந்துகிறோம், நீக்குகிறோம்' என்று அடித்தாள். அனுப்புவதற்கு முன் ஒருமுறை வாசித்தாள். அவள் நாள்தோறும் அள்ளி எறியும் கழிவுகளுக்கு நடுவே தம்பியின் முதுகையும் போட்டு எறிவது போலிருந்தது. எழுதியதை எழுத்து எழுத்தாக அழித்தாள். வீதியில் கோகுலனின் காவடிப் பறை கேட்டது. போனை எடுத்து, பழையபடி நம்பரைத் தட்டிக்கொண்டு வெளியே ஓடினாள்.

"சுதா, படம் வராது. நான் பாத்துச் சொல்லுறன்."

"நீயோ? ஊசியைக் கண்டாலே விழுவாயேயக்கா!"

"வாயைப் பொத்திக்கொண்டு கேள்."

டீசல் புகை, கற்பூரம், நசுங்கிய வேப்பிலை, ஆயிரம் பேரின் வியர்வை. அந்த மூக்குக்கு அது ஒரு யுத்தம். கூட்டத்தைப் பிளந்துகொண்டு, நீண்ட மரத் துலாவில் தம்பியைத் தொங்கவிட்டு வந்த உழவு இயந்திரத்துக்குக் கிட்டப் போனாள். முதன்முறையாகக் கண்ணைத் திறந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"மேல தொங்கிறான். முதுகு முழுக்கத் திருநூறு. கொக்கி ஏறின இடத்தில தோல் கூடாரம் மாதிரி இழுபட்டு நிக்குது."

"இரத்தம்?"

"ஒரு துளி இல்லை. எலுமிச்சங்காயும் வேப்பிலையும் பிடிச்சிருக்கிறான். துலா ஆட ஆட, கடலில நீந்திற மாதிரி வாறான்."

"முகம்?"

"சிரிக்கிறான், சுதா. எங்கட அம்மா மாதிரிச் சிரிக்கிறான். இடக் குதியில சேறு. கழுவாமல் ஏறியிருக்கிறான், எருமை!"

அந்தப் பக்கம் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன. "சேறும் தெரியுது அக்கா. பாத்திட்டன். எல்லாம் பாத்திட்டன்."

ஜெயரூபி மயங்கி விழவில்லை. கடைக்குத் திரும்பிக் கணினியைப் பார்த்தாள். பகுதி பகுதியாக வருகிறவன், எல்லோரும் பூட்டிய படலைக்கு எந்த வேலிப் பொட்டுக்குள்ளால் வந்தானோ, மிச்சப் பகுதியையும் அனுப்பியிருந்தான். தொங்கும் முதுகைப் பார்த்து வராத வாந்தி அப்போது வந்தது. வாளியைக் கழுவி, வாயைக் கழுவி, பெட்டியின் வயரைப் பிடுங்கினாள்.

சுதாஜினியோடு இப்போது வெறும் குரலில்தான் கதை. பனியை அவள் சொல்ல, தேத்தண்ணியை இவள் சொல்கிறாள். வாசல் வெயிலுக்கு வந்துவிட்ட பெட்டி மேல் உண்மையாகவே மிளகாய் காய்கிறது. கடைச் சுவரில் லமினேற் செய்த அறிவித்தல் ஒன்று தொங்குகிறது: 'படலை கூட்ட ஆள் தேவை. கணினி தெரியவேண்டியதில்லை. மூக்கு இருக்கக்கூடாது.'

இதுவரை ஒருவரும் வரவில்லை. நாகேஸ்வரி மட்டும் ஒருநாள் வந்து வாசித்துவிட்டு, "எங்கட அசல் அம்மன் வாசலுக்கும் ஒண்டு அடிச்சுத் தா," என்று கேட்டாள்.