மிஸி மறுத்த தண்ணீர்

முல்லைத்தீவிலிருந்து மீன் கொண்டுவருபவர் படலையடியில் சைக்கிளை நிறுத்தியும் மணி அடிக்கவில்லை. "மிஸி எங்களை விட்டுப் போயிட்டா, அண்ணை" என்றார். உருத்திரபுரத்து மருந்துச்சாலையில் நேர்ஸாக இருந்த திரேசம்மாவைத்தான் சொன்னார். அவரை அறிந்தவர்களே, அமைதியான மனுசி என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். அவர் சண்டைக்காரி. அவருடைய முதற் சண்டை என்னோடுதான்.

தேயிலைத் தோட்டங்களை விட்டுப் பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் எங்கள் வயல்களில் கூலிக்கு நின்றன. வெறுங்கையால் பூச்சிமருந்து கலக்கி, அந்தக் கையை வாய்க்காலில் கழுவி, அதே வாய்க்காலில் தண்ணீர் குடித்தார்கள். எங்கள் கிணற்றில் அவர்கள் வாளி போடக்கூடாது. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறியபோது விதைநெல்லோடு அந்த வழக்கத்தையும் மூட்டை கட்டி வந்திருந்தோம்.

ஒருநாள் என் வயலில் மருந்தடித்த மாரிமுத்து நுரை தள்ளி விழுந்தார். மிஸி அவரைப் பிழைக்கவைத்துவிட்டு, மறுநாட் காலை என் முற்றத்தில் வந்து நின்றார். மனைவி செம்பை நீட்டினாள்.

"கிணத்துத் தண்ணியோ, தங்கச்சி?"

"ஓம், மிஸி."

"எனக்கு வேண்டாம். மாரிமுத்து குடிச்ச வாய்க்கால் தண்ணியைக் கொண்டு வாங்கோ. முதல்லை உங்கடை மனுசன் குடிக்கட்டும், பிறகு நான் குடிக்கிறன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஊர் வழக்கத்தை நான் ஒருத்தன் மாத்தேலுமோ?" என்றேன்.

"வாளி உங்கடை, கயிறு உங்கடை. ஊரை ஏன் இழுக்கிறியள்? கிணத்தை மறிக்கிற எந்த வீட்டிலையும் நான் கை நனைக்கமாட்டன்" என்றார்.

சொன்னபடி நின்றார். அவரை வேறு ஊருக்கு மாற்றச் சொல்லி மேலிடத்துக்குப் பெட்டிசம் போட்டோம். "மாத்தினால் போறன். அங்கையும் கிணறு இருக்கும்தானே" என்று சிரித்தார்.

அடுத்த மாரியில் மனைவிக்குப் பிரசவ வலி. முழங்கால் வெள்ளத்தில் நடந்தே வந்து, விடியலிலிருந்து பின்னேரம்வரை நின்று என் மகளைக் கையில் தந்தார். தேநீரைத் தொடவில்லை. அவர் படலையைத் தாண்டியதும் மனைவி அழுதாள். "எங்கடை பிள்ளையைத் தொட்ட கை எங்கடை தண்ணியைத் தொடேல்லை. எனக்கு வெக்கமாக் கிடக்கு."

நான் வாளியை எடுத்துப்போய் மாரிமுத்துவின் கையில் கொடுத்தேன். அது பெருந்தன்மையில்லை, தோற்றுப்போனேன், அவ்வளவுதான். மறுநாள் மாரிமுத்து அள்ளிய தண்ணீரில் இரண்டு செம்பு குடித்த மிஸி, "இனிக் கை கழுவச் சவுக்காரமும் வையுங்கோ" என்று அடுத்த சண்டையைத் தொடங்கினார்.

இந்தக் குடியேற்றத்தில் இன்னும் சில வீடுகள் வாளியை உள்ளே பூட்டி வைத்திருக்கின்றன. என் அண்ணன் வீடும் அதில் ஒன்று. மிஸியின் பிடிவாதத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். அண்ணை, உங்கள் மகளின் கலியாணத்துக்கு வருவேன், பந்தல் போடுவேன், மனமார வாழ்த்துவேன். ஆனால் உங்கள் வீட்டில் கை நனைக்க மாட்டேன்.