மூன்றாவது எழுத்து

சரோ அக்காவின் கணவர் தொலைபேசியில் அழைத்தபோது நான் மெசினுக்கு மை போட்டுக்கொண்டிருந்தேன். "தம்பி, அக்கா விடிய எழும்பேல்லை" என்றார். மைக் கையோடு கதிரையில் இருந்துவிட்டேன். எதிரே அக்காவின் கணினி, முதல்நாள் மாலை அவர் மூடிவிட்டுப்போன துணியோடு அப்படியே இருந்தது. கிளிநொச்சியில் எங்கள் அச்சகத்துக்கு வந்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். எழுத்துக்கோப்பதில் வேகம், வாயில் எப்போதும் ஒரு பகிடி. அதை நான் எழுதத் தேவையில்லை. உங்களில் பலர் அறியாத ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

ஒருவர் காலமாகி முப்பத்தோராம் நாள் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில் தேவாரம் பிழைத்தாலும் நம் சனம் பொறுக்கும். உறவினர் பெயர் ஒன்று விடுபட்டால் பொறுக்காது. அதனால் அக்கா ஒவ்வொரு வீட்டாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார். "கோவத்தில விட்ட பேர் ஏதும் இருக்கோ?"

தண்ணீரூற்று என்ற ஊரிலிருந்து கணவரின் கல்வெட்டுக்காக வந்திருந்த அம்மா அந்தக் கேள்விக்கு "ஒண்டு இருக்கு" என்றார். பிறகு சொன்னார். கனடாவில் இருக்கும் மகன் ஒரு சீனப் பெண்ணைக் கலியாணம் முடித்திருக்கிறான். கணவர் சாகும்வரை அவள் பெயரை வீட்டில் சொல்லவிடவில்லை. இப்போது இரண்டு பேரும் வருகிறார்கள்.

"அந்தப் பிள்ளை புத்தகத்தைத் திறந்து, ஆரிட்டயும் கேளாமல் தன்ர பேரைத் தானே கண்டுபிடிக்கவேணும்" என்றார்.

அதாவது பெயர் சீன எழுத்தில் இருக்கவேண்டும்.

மகன் பெயரை அனுப்பினான். அக்காவின் திரையில் மூன்று சதுரப் பெட்டிகள் வரிசையாக வந்து நின்றன. சீன எழுத்து பெட்டி பெட்டியாகத்தானே இருக்கும், வேலை சுளுவாக முடிந்தது என்று நான் மெசினைத் துடைக்கப் போனேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "மூண்டும் ஒரே பெட்டி. ஒரு மனுசிக்கு அப்பிடிப் பேர் வைப்பினமோ?" எழுத்துரு இல்லாத கணினியில் எங்கள் தமிழும் ஒரு காலம் இப்படித்தான் கிடந்தது என்று நினைவூட்டினார். வெளிநாட்டிலிருந்து வந்த எத்தனை மரண அறிவித்தல்களை நாங்கள் பெட்டிகளாகப் பார்த்து முழித்திருக்கிறோம்.

சீன எழுத்துரு ஒன்றை இணையத்திலிருந்து இறக்கினார். முதல் இரண்டு பெட்டிகள் எழுத்துகளாக மாறின. நான் வாய் பிளந்து நின்றேன். பிறகு மூன்றாவதைத் தேடி, மகன் எழுதியிருந்த அதன் ஓசையை ஆங்கில எழுத்தில் தட்டிப் பார்த்தார். அந்த ஓசைக்குரிய எழுத்துகள் வரிசையாக வந்தன. அடுத்த வரிசை. அதற்கடுத்தது. தட்டத் தட்ட முடியவில்லை. இருநூற்று நாற்பத்தேழு எழுத்தோடு சீவித்த நாங்கள் இரண்டு பேரும் கடலைக் கண்ட குளத்து மீனாகிவிட்டோம். "இதையெல்லாம் மனுசர் நினைவில வச்சிருக்கினமோ" என்று அக்கா கேட்டது கோயிலில் கேட்பதுபோல இருந்தது.

மூன்றாவது பெட்டி மட்டும் பெட்டியாகவே இருந்தது. எந்த வரிசையிலும் அந்த எழுத்து இல்லை.

மகன் மனைவியை வீடியோ அழைப்பில் கொண்டுவந்தான். அவளைப் பேச்சுக்கு லின் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் சொல்ல அவன் எங்களுக்குத் தமிழில் சொன்னான். அது அவளுடைய தாத்தா தேடி வைத்த பழைய எழுத்தாம். வங்கிக் கணினியிலும் கிடையாதாம், விமான நிலையத்திலும் கிடையாதாம். அதே ஓசையுள்ள வேறொரு எழுத்தைப் போட்டுப் பழகிவிட்டதாம். நீங்களும் அதையே போடுங்கள் என்று சிரித்தாள். அடுத்த நாள் அச்சடிக்கவேண்டும். போட்டுவிடுங்கோ அக்கா, இங்கே யார் வாசிக்கப்போகிறார்கள் என்றேன் நானும்.

"அவள் வாசிப்பாள்" என்றார் அக்கா. பிறகு, "பேரைப் போல இருக்கிறது பேர் இல்லைத் தம்பி" என்றார்.

லின் அந்த எழுத்தைத் தாளில் பெரிதாக எழுதிக் காட்டினாள். இடப்பக்கம் மூன்று துளி, அது தண்ணீராம். "தண்ணீரூற்று மருமகளுக்குத் தண்ணி இல்லாமலோ" என்று அக்கா வேலையைத் தொடங்கினார். ஓர் எழுத்திலிருந்து துளிகளை வெட்டினார், இன்னோர் எழுத்திலிருந்து வலப்பக்கத்தை எடுத்தார். எழுத்துரு சதி செய்த நாள்களில் தமிழ் எழுத்தின் கொம்பையும் அரவு எனும் துணைக்காலையும் வேறெங்கோ இருந்து எடுத்து ஒட்டிய அதே கைவேலைதான். முதலில் ஒட்டியதைப் பார்த்து லின் தலையாட்டி மறுத்தாள். இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று கோபித்தவர்கள்போல விலகி நின்றன. இடப்பக்கத்தை ஒடுக்கினார். ஒடுக்கியதும் கோடுகள் மெலிந்தன, ஒவ்வொன்றாகத் தடிப்பாக்கினார். அன்று காலை வேறு வேலை எதையும் எடுக்கவில்லை. எனக்கு எரிச்சல் வந்ததும் உண்மை, நகர முடியாமல் பார்த்துக்கொண்டு நின்றதும் உண்மை.

 கடைசியில் லின் தன் திரையில் விரலை வைத்து அந்தக் கோடுகளின் வழியே மெல்ல இழுத்தாள். அவள் கணவன் சொன்னான். "அக்கா, தன்ர பேர் அச்செழுத்தில முழுசா வந்ததை அவா இண்டைக்குத்தான் காணுறாவாம்."

முப்பத்தோராம் நாள் அக்கா தண்ணீரூற்றுக்குப் போயிருந்தார். லின் புத்தகத்தைத் திறந்து, யாரையும் கேளாமல், 'மருமகள்' என்ற வரியில் போய் நின்றாளாம். மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். அக்கா கடைசிப் பக்கத்தைப் புரட்டி, அடியில் பொடி எழுத்தில் 'எழுத்தமைப்பு: சரோஜினி' என்றிருந்ததைக் காட்டி, "நீ அங்க, நான் இங்க" என்று சைகையில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

இப்போது அக்காவின் கல்வெட்டை நானே கோக்கிறேன். அவருடைய கேள்வியை அவர் கணவரிடமே கேட்டேன். அவாவோடு யார் கோபிப்பது என்றார். அன்று மாலை கனடாவிலிருந்து ஒரு படம் வந்தது. வெள்ளைத் தாளில், பேனையால், பெரிதாகத் தமிழில் 'சரோஜினி'. இரட்டைக்கொம்பு ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. ஜி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல் லின் பட்ட பாடு கோட்டில் தெரிகிறது. தட்டச்சில் நொடியில் எடுத்திருக்கலாம். அவள் அந்தக் கடைசிப் பக்கத்தைப் பார்த்துக் கையால் எழுதியிருக்கிறாள். நல்ல எழுத்துருவில் மாற்றிப் போடுவோமா என்று அக்காவின் கணவர் கேட்டார். மாட்டேன் என்றேன். அட்டையில் அது அப்படியேதான் வரும்.

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அவருடைய கணினியில் கிடக்கும் அந்த மூன்றாவது எழுத்தை. படமாக இருப்பதால் எங்கே திறந்தாலும் அது இனிப் பெட்டியாகாது. எனக்கு அதை வாசிக்கத் தெரியாது. யாருடைய பெயர் என்று தெரியும்.