கருப்பு டேப் சுற்றிய கப்ளர்

கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. கையில் ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கமும் கிடையாது. அதற்கு என் மனைவியை விட்டால் ஒரு மெக்கானிக்தான் சாட்சி.

அப்போது மாடம்பாக்கத்தில் ஒரு அபார்ட்மெண்டில் இருந்தோம். செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கியிருந்தேன். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், எஞ்சின் இரண்டு முறை குலுங்கி அணைந்துவிடும். அந்த மெக்கானிக் வந்து பார்த்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். சொந்தமாக ஷெட் இல்லை. பழைய மொபெட்டில் டூல் பாக்ஸைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக வருவார். எங்கள் அபார்ட்மெண்ட் கார்கள்தான் அவருக்கு நிலையான பிழைப்பு.

"ஐடில் வால்வு சார். நீங்க கால எடுத்தப்புறம் எஞ்சினுக்கு காத்து வுட்றது இதான். கரி புட்சிகினு கீது" என்றார். கழற்றிச் சுத்தம் செய்தார். வால்வுக்குக் கரண்ட் கொண்டுவரும் ஒயர்களின் முனையில் இருந்த கப்ளரை மாட்டும்போது, அதன் லாக் தேய்ந்திருப்பதைக் காட்டினார். "புதுசு கெடைக்கிற வரிக்கும் டேப்பு சுத்திக்கிறேன் சார். இத்த மட்டும் தொடாதீங்க." கருப்பு டேப்பை இறுக்கமாக நாலு சுற்றுச் சுற்றினார். வண்டி சமர்த்தாக ஓடியது.

எனக்கோ எதையும் பாதி தெரிந்துகொண்டு முழுதாகப் பேசுகிற வியாதி. ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேடி ஐடில் வால்வைப் பற்றிப் படித்தேன். பார்க்கிங்கில் அகப்பட்டவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தேன்.

பத்து நாளில் ஆயுத பூஜை வந்தது. காரைக் கழுவி, பானட்டைத் திறந்து எஞ்சினையும் துடைத்தேன். எல்லாம் பளபளவென்று இருக்க, அந்தக் கருப்பு டேப் மட்டும் கண்ணை உறுத்தியது. நல்ல நாளும் அதுவுமாகக் கருப்பு எதற்கு என்று உரித்துப்போட்டேன். அந்த இடத்திலேயே விரலால் அழுத்திச் சந்தனம் வைத்து, மேலே குங்குமமும் இட்டேன். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியபோது எனக்கு ஒரே பெருமை.

மூன்றாம் நாள் தாம்பரம் ஜி.எஸ்.டி. ரோடு சிக்னலில் வண்டி அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தால் மறுபடி அணைந்தது. பின்னால் பஸ் ஹாரன், பக்கத்தில் ஆட்டோக்காரரின் வசவு, உள்ளே மாமனார். காரைத் தள்ளி ஓரம் கட்டியபோது உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கை வரச் சொன்னேன். அவர் மொபெட்டை ஸ்டாண்ட் போடுவதற்குள் ஆரம்பித்துவிட்டேன். "வேலை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும். நடுரோட்ல மானம் போச்சு!" அபார்ட்மெண்ட் செகரட்டரி உட்பட நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"ஒரு தபா பானட்ட தொறந்து பாத்துட்றேன் சார். அஞ்சே நிமிஷம்" என்றார்.

"இன்னொரு தடவை என் வண்டியில கை வைக்கக் கூடாது."

அவர் எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். மொபெட்டைத் திருப்பிக்கொண்டு போனார். இனி எல்லா வண்டிகளையும் சேலையூரில் வேறு ஒருவரிடம் விடலாம் என்று செகரட்டரி அங்கேயே முடிவு சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அன்று சாயங்காலம் நானே பானட்டைத் திறந்தேன். கப்ளர் பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் காய்ந்த சந்தனத்தில் என் விரல் பதிந்திருந்தது. உள்ளே தள்ளினேன், டக்கென்று உட்கார்ந்தது. டேப்பை வாங்கிவந்து சுற்றினேன். எஞ்சின் அலுங்காமல் ஓடியது. நாளை மெக்கானிக்கிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். செகரட்டரியிடமும் சொல்ல வேண்டியிருக்குமே என்று நாளையைத் தள்ளிப்போட்டேன். வெட்கம்தான், வேறொன்றுமில்லை.

ஐந்தாறு மாதம் கழித்து, கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் வாசலில் என்னைப் பார்த்துவிட்டு அவரே சாலையைக் கடந்து வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள நினைத்தேன், முடியவில்லை.

"நல்லா கீறீங்களா சார்? நான் இங்க ஒரு ஷெட்டுல வேலைக்கு பூட்டேன். வண்டி இன்னும் ஆஃப் ஆவுதா?"

"இல்ல, நல்லா ஓடுது."

"இன்னா கம்ப்ளெயின்டாம் சார்? அதான் மண்டய கொடஞ்சிகினே கீது."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். "கப்ளர் கழண்டிருந்துதாம்" என்றேன், யாரோ எனக்குச் சொன்னதைப் போல.

அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப நான்தான் டேப்பு சரியா சுத்தல. வயசாய்டுச்சில்ல, கையி முன்ன மாரி நிக்க மாட்டேங்குது. மன்ச்சிக்கோங்க சார்."

"பரவாயில்ல" என்றேன்.