தணிகைவேல் காட்டிய பாலைவனம்

தணிகைவேலுக்குச் சாமியிடம் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது: பர்மனென்ட். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலை ஒன்றில் காண்டிராக்ட் டிரைவராகவே அவன் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. ஆரணிப் பக்கத்துக் கிராமத்தில் ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் உண்டு. உண்டு என்றால், பட்டாவில் உண்டு. ஏரியைத்தான் மண்ணுக்காகத் தோண்டி, லாரி லாரியாகக் கொண்டுபோய் அதே ஆலையின் புது ஷெட்டுக்கு அடியில் கொட்டி மேடாக்கிவிட்டார்களே! மழையும் பொய்த்ததில் ஏரி காய்ந்து கிடந்தது.

அந்த ஆலையில் ஒரு வழக்கம். வெளிநாட்டு விருந்தாளி எதைக் கேட்டாலும் 'இல்லை' என்று சொல்லக் கூடாது. சித்திரை வெயிலில் ஜெர்மனியிலிருந்து வந்த ஹெல்கா அம்மையார், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பாலைவனம் பார்க்கவேண்டும் என்றார். மேனேஜர் வெங்கட்ரமணன் கூசாமல், "பக்கத்திலேயே இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து தணிகைவேலின் தோளில் கைபோட்டார்.

"எங்கயாவது மணலாப் பார்த்துக் காட்டிடுப்பா. அந்தம்மா சந்தோஷமாப் போனா உன் பர்மனென்டுக்கு நான் பொறுப்பு."

எலெக்ட்ரிக் கார் தயாராக நின்றது. புகையே இல்லாத வண்டி என்று கதவில் பச்சை இலை வரைந்திருக்கும். கரன்ட் போனால் அதற்குச் சார்ஜ் ஏற்றுவது, பின்புறம் கரும்புகை கக்கும் டீசல் ஜெனரேட்டர். விருந்தாளிகளை அந்தப் பக்கம் கூட்டிப்போவதில்லை.

பாலைவனத்துக்கு அவன் எங்கே போவான்? கடற்கரைக்குப் போனால் கடல் தெரிந்து தொலைக்கும். கடைசியில் சொந்த ஊர் ஏரிக்குள்ளேயே வண்டியை இறக்கினான். புழுதியும் கருவேல முள்ளும் வெடித்த தரையுமாகக் கிடந்ததைப் பார்த்து ஹெல்கா வாயடைத்துப்போனார். கரையை ஒட்டி அம்போவென்று நின்ற மதகைக் காட்டி, அது என்ன என்று கேட்டார்.

"ஓல்டு டெம்பிள் மேடம்."

அம்மையார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். தணிகைவேலின் வயலுக்குத் தண்ணீர் விட்ட மதகு அது. ஆனாலும் நன்றாகவே போட்டோ எடுத்துக்கொடுத்தான்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பூவம்மாள் ஓடிவந்தாள். "இன்னாடா தணிகை, ஏரிக்குள்ள காரு ஓட்டிக்கினு வர்றே?"

"ஏரின்னு சொல்லாதக்கா. இன்னிக்கு ஒரு நாளு இது பாலைவனம்."

"அடப்பாவி! அப்போ என் ஆடு இன்னா, ஒட்டகமா?"

திரும்பும் வழியில் சார்ஜ் குறையவே ஏசியை அணைத்தான். வேர்த்து வடிந்த அம்மையார், இதுவல்லவா அசல் பாலைவனம் என்று பூரித்துப்போனார். மார்கழியில் தன் முதலாளியையும் அழைத்து வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார்.

"அதுவும் நல்லபடியா முடியட்டும். கையோட பர்மனென்ட்" என்றார் வெங்கட்ரமணன்.

ஐப்பசியில் பிடித்தது பாருங்கள் மழை! ஏரி நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் கலங்கல் வழியே ஓடியது. ஊரே பொங்கல் வைத்துக் கும்பிட, தணிகைவேல் மட்டும் இழவு வீட்டுக்காரன்போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கார்த்திகையில் அவன் பெண்டாட்டி திலகவதி, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நாற்று விட்டாள்.

விஷயம் மேனேஜர் காதுக்கு எட்டியது. "மதகைத் திறந்து விட்டுடேன்பா. அவங்க வந்துட்டுப் போனதும் மூடிக்கலாம்."

"மொத்தத் தண்ணியும் எங்க நாத்து மேலதான் சார் போவும்."

"நாத்து வேணுமா, பர்மனென்ட் வேணுமா? நீயே முடிவு பண்ணு."

அன்று சாயங்காலம் மதகின்மேல் ஏறி, கதவைத் தூக்கும் திருகுச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். கீழே நாற்றங்காலில் நின்ற திலகவதி நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாய்யா, அங்க ஏறி நின்னுக்கினுகிறே?"

மறைக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவள் சத்தம் போடவில்லை.

"தொறந்து உடு. ராவுக்கு மணலை வடிச்சுக் கொட்றேன், பர்மனென்டைத் தொட்டுக்கினு துன்னு."

தணிகைவேல் இறங்கி வந்துவிட்டான்.

மார்கழியில் ஹெல்காவும் அவர் முதலாளியும் வெங்கட்ரமணனும் ஏரிக்கரையில் வந்து இறங்கினார்கள். கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். 'கோயில்' பாதி முழுகி, மேலே ஒரு கொக்கு உட்கார்ந்திருந்தது. ஹெல்காவின் முகம் வாடிவிட்டது. பாலைவனத்துக்கு என்ன ஆயிற்று, இனி திரும்பி வராதா என்று நிஜமான துக்கத்தோடு கேட்டார்.

"எதையாவது சொல்லித் தொலை" என்று வெங்கட்ரமணன் பல்லைக் கடித்தார்.

"கண்டிப்பா வரும்னு சொல்லுங்க சார். தண்ணி வத்தினா நம்ம கம்பெனி லாரிங்க மண்ணள்ள வந்துடும். நம்ம கையால செஞ்ச பாலைவனம், எங்க பூடும்?"

வெங்கட்ரமணன் அதை ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொன்னார்: சீசனுக்குச் சீசன் வருமாம்.

ஹெல்காவுக்குப் பரம திருப்தி. ஆனால் மதகைத் திறக்காதவனுக்குப் பர்மனென்ட் வரவில்லை, மறுநாளே கார் சாவியும் வேறு கைக்குப் போய்விட்டது. தணிகைவேல் நாற்றுப் பிடுங்கிக்கொண்டிருக்கையில் புது டிரைவர் பரத் போன் செய்தான்.

"அண்ணே, சித்திரைக்கு அந்த மேடம் மறுபடி வர்றாங்களாம். பாலைவனத்துக்கு எப்படிண்ணே போறது?"

"லாரிங்க பின்னாலயே போ நைனா. அதுங்களுக்கு வழி தெரியும்" என்று சொல்லிவிட்டு, நாற்றுக் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான்.