எண்பதுக்கு இறங்காத முள்

ஃபகருன்னிசா அக்கா யாரையும் நம்பமாட்டார். ஓசூர் மார்க்கெட்டில் தக்காளி வாங்கினால், முதலில் தராசைக் காலியாக வைத்துக் காட்டச் சொல்வார். டீக்கடைக்காரர் சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறார் என்று யோசிப்பார்.

இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கப் பத்திரம் தாக்கல் செய்கிற ஆபீஸ் எங்களுடையது. பதினொரு வருடமாக நான் அவருக்குப் பக்கத்து மேஜை. எந்தப் பொருளுக்கு எந்தச் சுங்க எண், என்ன வரி என்று முடிவு செய்பவர் அக்காதான். அவருடைய டிஜிட்டல் கையெழுத்து இல்லாமல் ஒரு பத்திரமும் நகராது. பென் டிரைவ் மாதிரியான அந்தச் சாதனம் அவர் டிராயரில் பூட்டிக் கிடக்கும். அவரைத் தவிர மாற்றுச் சாவியும் பின் நம்பரும் என்னிடம் மட்டும்தான். "சரிதாகிட்ட இருந்தா என்கிட்ட இருந்த மாதிரி" என்பார். அதில் எனக்குத் தலைக்கனம்கூட உண்டு.

போன ஏப்ரலில் குளிர்பதன வாயு வந்தது. அறுநூறு சிலிண்டர், எல்லாம் வெளிர்நீலம். கார் ஏசிக்குப் போடும் 134ஏ என்றது பில். அதற்கு அந்தக் கம்பெனியிடம் அனுமதி இருந்தது. ஓசோனைக் கெடுக்கும் 22 என்ற வாயுவுக்கு இல்லை. பொய்யாக எழுதிக் கொண்டுவந்தால் சரக்கு பறிமுதல், கையெழுத்துப் போட்டவர் மேல் வழக்கு.

"பெயிண்டு இவ்ளோ புதுசா இருக்கே" என்று அக்கா கிடங்குக்கே போய் ஒரு சிலிண்டரில் அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டினார். முள் இருநூறைத் தொட்டதாம். எனக்குப் போன் செய்தார்.

"வெயில்ல கெடந்துச்சு, அதான் ஏறியிருக்கும்ங்கறாங்க. நெழல்ல வச்சு ஈரச் சாக்கு போத்தியிருக்கேன். 134ஏ-ன்னா எண்பது பக்கம் எறங்கணும். மூணு மணி நேரம் ஆவும். அதுவரிக்கும் தாக்கல் பண்ணாத."

நாலரைக்கு முதலாளி கோவிந்தப்பன் என் மேஜைக்கு வந்தார். "வெறும் வெயிலும்மா. அவங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம். போட்டுவுடு, பார்ட்டி கத்தறான்."

ஐந்து மணி தேன்கனிக்கோட்டை பஸ்ஸை விட்டால் எனக்கு அடுத்தது ஆறே முக்காலுக்கு. அக்கா மேல் எரிச்சலாக வந்தது. சாக்குப் போர்த்திச் சிலிண்டருக்குக் காவல் இருக்கிறாராம்! டிராயரைத் திறந்தேன். பின் நம்பரை அடித்தேன். பத்திரம் போய்விட்டது.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அக்கா வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார்.

"நூத்தி நாப்பதுக்குக் கீழ எறங்கவே இல்ல. இருபத்திரண்டேதான்! நல்லவேள, தப்பிச்சோம் சரிதா."

கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவர் பெயரில் தாக்கல் ஆகியிருந்தது.

அக்காவின் முகம் வெளுத்தது. ஓடிப்போய் டிராயர் பூட்டைத் தடவிப் பார்த்தார்.

"ஒடைக்கலயே. கோவிந்தப்பன் கள்ளச்சாவி போட்டிருக்கான் பாரு. அவன் மேல எனக்கு என்னிக்குமே சந்தேகந்தான்."

என் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை. மாற்றுச் சாவியை எடுத்து அவர் மேஜை மேல் வைத்தேன்.