அகிரிப்பாவின் அத்தை மகள்: வோபர்னில் ஒரு சனிக்கிழமை

காலை ஒன்பது மணிக்கு விட்பி ரயில் நிலையத்தில் மகன் என்னை இறக்கிவிட்டான். வார இறுதியில் பத்து டாலருக்கு ஒரு சீட்டு எடுத்தால் நாள் முழுக்கப் போய் வரலாம். கார் கண்ணாடியை இறக்கி ஒரே ஒரு புத்திமதி சொன்னான்.

"அப்பா உனக்குத் தாய்மாமான்னு அங்க சொல்லிராதம்மா. யாழ்ப்பாணத்து ஆளுங்க வேற மாதிரி எடுத்துக்குவாங்க."

சரிடா என்றேன். என் அம்மாவின் கடைசித் தம்பியைத்தான் நான் கட்டிக்கொண்டேன். எங்கள் விருதுநகரில் இதைச் சொன்னால் "அதுக்கென்ன?" என்பார்கள். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது; இப்போது மகனோடு இங்கே இருக்கிறேன்.

விட்பியில் எல்லா வீடும் ஒரே அச்சு. மகனும் மருமகளும் விடியுமுன் வேலைக்குப் போய்விட்டால் பேச்சுத்துணைக்கு ஈ காக்காய் கிடையாது. அடுப்போடு பேசியே எனக்கு அலுத்துவிட்டது. அப்படியிருக்கும்போதுதான் அஜக்ஸ் காய்கறிக் கடையில் தவமணி அக்காவைப் பார்த்தேன். வோபர்னில் யாழ்ப்பாணத்து முதியோருக்குக் கூட்டம் நடத்துகிறவர். நான் சரித்திர டீச்சராக இருந்தவள் என்றதும், வந்து ஒரு ராசா கதை சொல்லச் சொன்னார். சனத்துக்குப் பிடித்துவிட்டால் ஒவ்வொரு சனிக்கிழமையும் கூப்பிடுவார்களாம். உள்ளதைச் சொன்னால், நான் ரயிலேறியது ராசாவுக்காக அல்ல, அந்தச் சனிக்கிழமைகளுக்காகத்தான்.

ரயில் அஜக்ஸ், பிக்கரிங் தாண்டியதும் இடப்பக்கம் ஏரி வந்தது. அக்கரையே தெரியவில்லை. ஏரி என்று பெயர் வைத்தவனுக்குக் கடலைக் காட்ட ஆளில்லை போலும். எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணிடம் "தமிழாம்மா?" என்று கேட்டுப் பார்த்தேன். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிச் சிரித்துவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டாள்.

கில்ட்வுட் நிலையத்தில் தவமணி அக்கா காரோடு நின்றார். பத்து நிமிஷத்தில் வோபர்ன். மளிகைக் கடை, சேலைக் கடை, சாப்பாட்டுக் கடை என்று எல்லாம் நம்மவர் பெயர்ப்பலகைகள். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளக் கூடத்தில் முப்பது நாற்பது பேர் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்கள்.

பதினொரு மணிக்குப் பேச ஆரம்பித்தேன். நான் எடுத்துக்கொண்ட ஆள் அகிரிப்பா, ரோமாபுரி தயவில் யூதேயாவை ஆண்ட யூத அரசன். அவன் சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே தகப்பனைத் தாத்தா ஏரோது கொன்றுவிட்டான். பையனை ரோமாபுரிக்கு அனுப்பினார்கள். அங்கேயே வளர்ந்து, சொந்த ஊருக்கு விருந்தாளி மாதிரி வந்துபோனான்.

வெள்ளைக்காரர் புத்தகங்களில் இந்தக் குடும்பத்தில் யாருக்கு யார் உறவென்று காட்டப் பக்கம் முழுக்கக் கோடு கிழித்திருப்பார்கள். நமக்கு அதெல்லாம் வேண்டாம். அகிரிப்பாவின் அப்பா கட்டியது அத்தை மகளை. அகிரிப்பா கட்டியதும் அத்தை மகளை. "அப்ப மச்சாளைத்தான் முடிச்சிருக்கிறார்" என்று கூட்டமே தலையாட்டியது. ஆனால் அவன் தன் மகளைத் தன் தம்பிக்கே கட்டிக்கொடுத்தான் என்றதும் முகம் சுளித்தார்கள். சித்தப்பனையா? எனக்கும் அது அடுக்காதுதான். அந்த நிமிஷம் வரை கூட்டம் என் கையில் இருந்தது.

முன்வரிசையில் இருந்த பெரியவர், தருமண்ணை என்று எல்லோரும் கூப்பிடுகிறவர், கையைத் தூக்கினார்.

"ரீச்சர், உங்கட பக்கம் தாய்மாமனையே கட்டுவினமாம். மெய்யே?"

எல்லோரும் சிரித்தார்கள். எங்கோ பட்டிக்காட்டில் நடக்கும் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் அதற்குத் தயாராகவும் இருந்தது. ஆனால் உயிரோடு இருந்தபோது ஒருநாளும் மறைக்காத மனுஷனைச் செத்த பிறகா மறைப்பது? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மெய்தான் அண்ணை. என் வீட்டுக்காரர் எங்கம்மாவோட கூடப்பிறந்த தம்பி."

சிரிப்பு அடங்கியது. பின்வரிசை அம்மா ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், மாமன் என்றால் தகப்பன் மாதிரியல்லவா என்று மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது.

முடிப்பதற்கென்று வைத்திருந்த கதையையும் சொன்னேன். யூதர் மரபில் வருவது. வேற்றினத்தானை அரசனாக்காதே என்ற வேத வசனத்தைச் சபையில் வாசிக்கும்போது அகிரிப்பா அழுதுவிட்டானாம். பாட்டன் வழியில் அவன் வேற்றினத்தான். நீ எங்கள் சகோதரன்தான், பயப்படாதே என்று சனம் குரல் கொடுத்ததாம். இவர்கள் கைதட்டினார்கள், மரியாதைக்கு. பிறகு தேநீரும், உள்ளே கறி வைத்துச் சுருட்டிப் பொரித்த றோல்ஸும் வந்தன. எனக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலி. றோல்ஸ் நன்றாகத்தான் இருந்தது, தனியாகச் சாப்பிட்டேன்.

மதியம் இரண்டு மணிக்குத் தவமணி அக்கா என்னைத் திரும்ப நிலையத்துக்குக் கொண்டுவந்தார். காரை நிறுத்திய பிறகும் கதவைத் திறக்காமல் இருந்தார்.

"அவரை நீங்கள் என்னெண்டு கூப்பிடுறனீங்கள்?"

"மாமான்னுதான்."

"சின்னனிலையுமோ?"

"சின்னப்பிள்ளையிலிருந்தே மாமாதான். ஸ்கூலுக்குச் சைக்கிள்ல கூட்டிட்டுப் போவாரு."

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து என் பக்கம் திரும்பினார்.

"அப்ப உங்களுக்கு ஒரே நாளிலை ரெண்டு பேர் போயிட்டினம், என்ன."

இறங்கிக் கையாட்டினேன். அடுத்த சனிக்கிழமையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நடைமேடையில் ஏரிக்காற்று முகத்தில் அறைந்தது. விருதுநகரில் பதினாறாம் நாள் வரைக்கும் வீடு கொள்ளாத சனம். வந்தவர்கள் எல்லோரும் புருஷனை இழந்தவளிடம்தான் துக்கம் கேட்டார்கள். எனக்கு மாமனும் செத்துப்போயிருந்தார் என்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை, எனக்கே தோன்றவில்லை. தாய்மாமனைக் கட்டுவது சகஜமான ஊரில் எப்படித் தோன்றும்?

ரயில் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, விட்பி வரும்வரை மாமாவுக்காக அழுதேன்.