கொடிக் கம்பில் கட்டிய சம்பான்

இன்று காலை மலாக்காவில், கிளேபாங் கடற்கரையில் பாய்மரப் படகுப் போட்டி!

வேடிக்கை பார்க்க வந்த ஸ்பீட்போட் எல்லாம் இன்ஜினைக் குறைத்துக்கொண்டு, நல்ல பிள்ளைகளாக எட்டத்தில் நின்றன.

பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. (வெயிலால் இல்லை, நிஜமாகவே!)

ஏனென்றால் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம், ஐம்பத்தெட்டில், இதே கடலில், ஒரு போட்டிக்கு நட்டநடுவில் போய் நின்றவர்கள் நாங்கள். காப்பாற்றியவன் ஹசான். அந்த நன்றியை இன்றாவது ஊரறியச் சொல்லிவிடுகிறேன்.

ஹசான், காஜா பெராங்கில் எங்கள் அடுத்த வீட்டுக்காரன். மலாய்க்காரன்தான், ஆனால் அவன் தமிழில் திட்ட ஆரம்பித்தால் நாமே பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும்!

அந்தப் போட்டிக்காகத் தானே பலகை இழைத்து, தானே ஒரு பாய்மரப் படகைக் கட்டினான். கிளேபாங் மீனவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டவுன்காரனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று அவன் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள்.

ஒரே ஒரு தடவை ஜெயித்து அவர்கள் வாயை அடைக்க வேண்டும். அவனுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

அவன் ஓட்டுவதைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டாமா?

நான் அப்போது ஆற்றோரக் கடை ஒன்றில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். படித்தது நாலாம் வகுப்பு, ஆனால் கடல் எனக்கு மனப்பாடம்! முதலாளியிடம் அவருடைய சம்பானை, அந்தச் சின்னத் துடுப்புப் படகைக் கேட்டேன். "உன்ன விட்டா மலாக்காவுல யாருக்குக் கடல் தெரியும்?" என்று கையோடு கொடுத்துவிட்டார். (ஏறக்குறைய இப்படித்தான் சொன்னார்.)

ஏறியது மூன்று பேர். கேப்டன் நான். மாசமாக இருந்த என் மனைவி கமலா. அவள் அண்ணன் முத்தையா மச்சான், செங் எஸ்டேட்டில் மாடு வளர்த்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தவர்.

இரண்டே இழுப்பு துடுப்பு போட்டேன், சுமத்ராவே தெரிந்தது!

நடுக்கடலில் ஒரு மூங்கில் நட்டிருந்தது. உச்சியில் சிவப்புக் கொடி.

"பாத்தீங்களா மச்சான்? வேடிக்கை பாக்க வர்றவங்க படகு கட்டுறதுக்குன்னே கம்பு நட்டு வச்சிருக்கான். சுதந்திர நாடுன்னா இதான்!"

"நல்ல ஏற்பாடு லா மாப்ள! அந்தக் கயித்தக் குடுங்க."

இடம் பார்த்தது நான், கட்டியது மச்சான். அவர் கைக்குத் தெரிந்த முடிச்சு ஒன்றே ஒன்று. மாட்டு முடிச்சு! மாடு இழுக்க இழுக்க இறுகும். அலையும் எங்கள் சம்பானை முரட்டு மாடு மாதிரி இழுத்துக்கொண்டே இருந்தது.

போட்டி தொடங்கியது. கரை முழுக்கத் தகரம் தட்டிக்கொண்டு கிளேபாங் படகுக்குத்தான் கத்தியது.

ஆனால் முதலில் வந்தது யார்? நம்ம ஹசான்!

அதுவும் நேராக எங்களைப் பார்த்து வந்தான்.

"மச்சான், ஜெயிக்கிற நேரத்துலயும் நமக்கு வணக்கம் வைக்க வர்றான் பாருங்க!"

நான் எழுந்து நின்று கையாட்டினேன். கமலா முந்தானையை வீசினாள். "ஹசானண்ணே! ஹசானண்ணே!" என்று மூன்று பேரும் தொண்டை கிழியக் கத்தினோம்.

பதிலுக்கு அவனும் கத்தினான்.

"டேய் மடையா! அது நாங்க சுத்தித் திரும்புற கம்பு டா! கயித்த அவுரு! என் படகுக்கு பிரேக் இல்லடா!"

மச்சான் முடிச்சில் நகத்தை வைத்தார். பல்லை வைத்தார்.

"அவுர மாட்டேங்குது மாப்ள!"

"மாட்ட எப்படி அவுப்பீங்க?"

"மாடு நின்னாத்தானே அவுப்பேன்!"

இளநீர் வெட்டக் கொண்டுவந்த கத்தியை எடுத்து ஒரே வெட்டு! (வெட்டியது தான்தான் என்று கமலா கமெண்டில் எழுதுவாள். கண்டுகொள்ளாதீர்கள்.)

சம்பான் விலகியது. ஹசான் மயிரிழையில் கம்பைச் சுற்றித் திரும்பிவிட்டான். இனி அவனுக்கு முன்னால் யாருமே இல்லை.

ஆனால் எங்கள் துடுப்பு ஒன்று தண்ணீரில் விழுந்துவிட்டது. அலை எங்களை உருட்டிக்கொண்டு போய், பின்னால் வந்த கிளேபாங் படகுக்குக் குறுக்கே நிறுத்தியது. தென்னை மர உயர அலை! (சரி, கன்று.) கமலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சம்பானின் அடியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு நீச்சல் தெரியாது.

எனக்கும் அந்த நிமிஷம் ஒன்றும் தெரியவில்லை.

ஹசான் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

அப்புறம் படகைத் திருப்பிக் கொண்டுவந்து, பாயைத் தளரவிட்டு, கயிற்றை வீசினான்.

"புடி டா! தங்கச்சிய ஆடாம உக்காரச் சொல்லு!"

எங்களை இழுத்து ஒதுக்கினான். கிளேபாங் படகு ஒரு கை தூரத்தில் சீறிக்கொண்டு போனது. அதன் பின்னால் மற்ற படகுகளும் ஒவ்வொன்றாகப் போயின.

ஹசான் கடைசியாகக் கரை சேர்ந்தான்.

"முதல்லதானே வந்தே, என்னா ஆச்சு?" என்று கரையில் நின்றவர்கள் சிரித்துக்கொண்டே சூழ்ந்துகொண்டார்கள்.

"காத்து ஏமாத்திடுச்சு."

அவ்வளவுதான் சொன்னான். நனைந்த துணியோடு நின்ற எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டேன். "எங்களாலன்னு ஏன்டா சொல்லல?"

சாரோங் கைலியைப் பிழிந்துகொண்டே சொன்னான். "கர முழுக்க அவனுங்களுக்குக் கத்துச்சு. எனக்குன்னு கத்துனது உங்க சம்பான் ஒன்னுதான். அதையும் காட்டிக் குடுத்துட்டா, நான் யாருக்குடா ஓட்டுறது?"

கொஞ்ச தூரம் நடந்த பிறகு திட்டும் கிடைத்தது. "ஆனா இனிமே கொடிக் கம்புகிட்ட வராத. காத்து வர்ற பக்கம் நின்னு என் பாய மறைக்காத. தள்ளி நின்னு கத்து!"

இன்றுவரை தள்ளி நின்றுதான் கத்துகிறேன். (தொண்ணூறு வயதிலும் அந்தச் சத்தம் சுமத்ராவுக்குக் கேட்கும்!)

ஹசானுக்கு ஃபேஸ்புக் கிடையாது. அவன் பிள்ளைகள் யாராவது இதைப் படித்துக் காட்டுங்கள்.

நன்றி டா ஹசான். அன்றைக்குக் கமலாவின் வயிற்றில் இருந்தவள்தான் இந்தப் போனை எனக்கு வாங்கிக் கொடுத்தாள்.

உங்களுக்காகத் தோற்றுப்போனவர் யாராவது உண்டா? கமெண்ட் அப்புறம் போடலாம், முதலில் அவருக்குப் போன் போடுங்கள்!